ஒரே துணியில் இரண்டு கவுன்

எங்கள் தெருவில் கல்யாணம், சாவு, திருப்பதி எதுவானாலும் முதலில் என் வேனைத்தான் கேட்பார்கள். ஊரப்பாக்கத்தில் நிலத்தை விற்றுக் கடை கட்டி வாடகைக்கு விட்ட பங்காளிகள் எல்லாம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க, எனக்கு மட்டும் ஸ்டியரிங்கை விட மனசு வரவில்லை. பாத்திரம், பந்தல் கம்பி, ஆட்டுக்கிடா வரை எல்லாம் ஏற்றியிருக்கிறேன். கல்லறைக்கல் ஏற்றியது அன்றுதான் முதல் தடவை.

கருப்பு கிரானைட். சாக்கு சுற்றி, கடைசி சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு அந்த இடத்தில் படுக்க வைத்தோம். ஆல்வின் தன் முதல் மாதச் சம்பளத்தில் தாம்பரத்தில் செய்யச் சொன்ன கல். அவன் சுனாமிக்கு அப்புறம் பிறந்த பையன். அவன் பார்த்திராத அக்காவுக்கு அவன் வாங்கிய கல். "ஏஞ்சல்" என்று வெள்ளை எழுத்தில் வெட்டி, கீழே பிறந்த வருஷம், இறந்த வருஷம். இரண்டுக்கும் நடுவில் ஏழு வருஷம்தான்.

அந்தப் பெயர் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவன் அம்மா அம்மணி அக்கா நடத்துகிற தையல் கடைக்குப் பெயர் ஏஞ்சல் டைலர்ஸ். அவர்கள் குடிவந்த புதிதில் நான்கூட அது ஏதோ ஸ்டைலுக்கு வைத்த பெயர் என்று நினைத்தேன். என் பெண்சாதி ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போய்த்தான் விஷயம் தெரிந்து வந்தாள். கோவளத்துக்காரர்கள். அலையில் பெண் குழந்தையைக் கொடுத்துவிட்டு, அந்தக் கடலையே பார்க்க வேண்டாம் என்று இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். புருஷன் தாவீது படகை விட்டுவிட்டு ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். நல்ல மனுஷன் என்று பெயர். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. சத்தமாகப் பேசாதவனை எல்லாம் நல்லவன் என்று சொல்கிற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

அன்று கல்லறைத் திருநாள். நவம்பர் மாதத்துத் தூறல். வண்டலூரில் திரும்பி கேளம்பாக்கம் ரோட்டைப் பிடித்ததும் அம்மணி அக்கா மடியில் இருந்த துணிக்கடைக் கவரைத் தடவிக்கொண்டே இருந்தார். மழைச்சாரல் படக்கூடாது என்று இரண்டு கவர் போட்டிருந்தார்.

"இன்னாக்கா, பொங்கலுக்கு எடுத்த துணியா?" என்று கேட்டேன்.

"கிறிஸ்மஸ் துணி பாலு. ஜான்சிக்கு. எங்க நாத்தனா பொண்ணு."

"வந்து வாங்கிக்க மாட்டாங்களா?"

ஆல்வின்தான் முன்சீட்டில் இருந்து மெதுவாகச் சொன்னான். "ஜான்சி அக்காவும் அன்னைக்குத்தான் போனாங்க பாலு அண்ணா. ஆனா பாடி கிடைக்கல. அத்தை ஒத்துக்க மாட்டாங்க."

"ஒத்துக்க மாட்டான்னு சொல்லாதடா," என்றார் அம்மணி அக்கா. "கெடைக்கலன்னா எப்படி ஒத்துக்கினு ஒக்காருவா? எங்கியோ யாரோ எடுத்து வளக்கிறாங்க, வருவான்னு கீறா. வருஷா வருஷம் நான்தான் தைக்கிறேன். மொத ஏழு வயசு அளவு. அப்புறம் எட்டு. இப்ப சுடிதாரு. இந்த வருஷம் இடுப்ப கொஞ்சம் லூசா வையி அண்ணி, கல்யாணம் ஆயிருந்தா சத போட்டிருப்பா இல்ல, அப்டின்றா. நான் வச்சிக் குடுத்தேன்."

வைப்பரைப் போட்டேன்.

"எங்க வூட்டுல ஒரு வழக்கம் பாலு. கிறிஸ்மஸுக்கு அண்ணன் தங்கச்சி புள்ளைங்களுக்கு ஒரே துணி. அந்த வருஷம் தாம்பரம் சம்முகம் ரோட்டுல ஒரு ஆரஞ்சு கலர் பீஸு எடுத்தேன். மேல வெள்ளிப் பொட்டு. ரெண்டு பொண்ணுக்கும் ஒரே வயசு, ஒரே அளவு. ஒரே துணியில ரெண்டு கவுனு. ரெண்டும் அத்தப் போட்டுகினு கோயில்ல பூசைக்கு நின்னுதுங்க. மறுநாள் கயட்ட மாட்டேன்னுட்டு அதோடவே தூங்கி எழுந்து, அதோடவே கடலாண்ட வெளையாடப் போச்சுங்க."

தாவீது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். "கேளம்பாக்கத்துல ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம் பாலு," என்று மட்டும் சொன்னார்.

குடித்தோம். மசால் வடை சூடாக இருந்தது. அம்மணி அக்கா ஒரு வாய் கடித்துவிட்டு மீதியைப் புருஷன் கையில் கொடுத்தார். அவர் வாங்கித் தின்றார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அது அப்படிப்பட்ட குடும்பம். எச்சில் வடையைக் கேட்காமல் கொடுக்கலாம், கேட்காமல் வாங்கலாம்.

உப்பளத்தையும் முகத்துவாரத்தையும் தாண்டிக் கோவளத்துக்குள் நுழைந்தால், இங்கேயா அப்படி ஒரு நாசம் நடந்தது என்று தோன்றும். வரிசையாகக் கான்கிரீட் வீடுகள். சுனாமி குவார்ட்டர்ஸ் என்று கட்டிக் கொடுத்தவை. இப்போது ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு மாடி, மாடிக்கு ஒரு கலர். மீன் விற்கத் தகரம் போட்ட புதுக் கொட்டகை. அலையில் பலகை போட்டுச் சறுக்குகிற விளையாட்டைச் சொல்லித்தர நாலைந்து கடை. மெட்ராஸிலிருந்து வந்த பிள்ளைகள் நனைந்த உடம்போடு காபி குடித்துக்கொண்டு நிற்கின்றன. மாதா கோயிலுக்குப் புதுப் பெயிண்ட். எல்லாம் நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள். குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ரோஸி வீட்டு வாசலில் மீன் கூடை கவிழ்த்து வைத்திருந்தது. தாவீதின் தங்கச்சி, ஜான்சியின் அம்மா. புருஷன் குடித்தே போய்ச் சேர்ந்த பிறகு தனியாகக் கூடை சுமந்து பிழைக்கிற பொம்பளை. எங்களைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"வாண்ணே. வா அண்ணி. டேய் ஆல்வினு, இன்னாடா எளச்சிப் பூட்ட. கம்பெனில சோறு போட மாட்டானுங்களா?"

"போடறாங்க அத்தை. நான்தான் சாப்பிடறதில்ல."

"சங்கரா கொழம்பு வச்சிகினு கீறேன். நெத்திலி இனிமேதான் வறுக்கணும். துன்னாம யாரும் போவக் கூடாது. டிரைவர் அண்ணனும்தான்."

அம்மணி அக்கா துணிக் கவரைப் புருஷன் கையில் கொடுத்தார். தாவீது அதை வாங்கி, இரண்டு கையாலும் தங்கச்சியிடம் நீட்டினார். அது அண்ணன் கையால் கொடுக்க வேண்டிய சீர். ரோஸி அங்கேயே பிரித்து, சுடிதாரைத் தன் மேல் வைத்துப் பார்த்தாள். மாம்பழ மஞ்சள். கழுத்தில் கையாலேயே போட்ட எம்ப்ராய்டரி.

"இடுப்பு லூசு வச்சிகிறியா அண்ணி?"

"வச்சிகிறேன். உள்ளயும் துணி வுட்டுகிறேன். பத்தலன்னா பிரிச்சிக்கலாம்."

ரோஸி உள்ளே போய் அதை ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்து மூடினாள். மூடும்போது பார்த்தேன். அடியில் சின்னச் சின்னக் கவுன்களில் ஆரம்பித்துப் பெட்டி நிறையத் துணி.

நெத்திலியை முடித்துவிட்டுப் பூவோடு வருவதாக அவள் சொல்ல, நாங்கள் கல்லைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அதையும் புதிதாகத்தான் கட்டியிருந்தார்கள். மண் கொட்டி மேடாக்கி, சுற்றிலும் ஆள் உயரச் சுவர். அன்று ஊரே அங்கே இருந்தது. புல் பிடுங்குகிறவர்கள், சுண்ணாம்பு அடிக்கிறவர்கள், மழையில் அணைந்து அணைந்து போகிற மெழுகுவர்த்திக்குக் குடை பிடிக்கிறவர்கள்.

ஏஞ்சலின் கல்லறை சுவர் ஓரம். கலவை போட்டுக் கல்லைப் பதிக்க ரோஸி ஏற்பாடு செய்திருந்த ஆள் பெயர் சக்திவேல். வடக்குக் குப்பத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். சுனாமிக்கு மறுவருஷம் பஹ்ரைனுக்கு மீன்பிடி வேலைக்குப் போனவர், போன கோடையில்தான் ஒரேயடியாகத் திரும்பி வந்தாராம். மணலைச் சலித்துக்கொண்டே பெயரைப் படித்தார்.

"தாவீது பொண்ணா இது. நான்தான்மா தூக்கியாந்தேன். முகத்துவாரத்தாண்ட ஒரு போட்டு கவுந்து கெடந்துச்சு. அதுக்கு அடியில."

இருபது வருஷமாக அந்தக் கல்லறையில் வந்து உட்கார்கிற தாய்க்கு, தன் பிள்ளையைத் தூக்கிய கையை அன்றுதான் பார்க்கக் கிடைத்தது. அலை வந்தபோது அம்மணி அக்கா இடுப்பெலும்பு உடைந்து தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். அவர் எழுந்து நடப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவர் அந்த மனுஷனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சொல்லுங்கண்ணா. எம் பொண்ணு எப்டி இருந்தா? இவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. கேட்டா எழுந்து பூடுவாரு."

"அம்மணி, வேலைய பாக்க வுடு அவர," என்றார் தாவீது.

"இருங்க. சொல்லுங்கண்ணா."

"இன்னாத்த சொல்றது. மூஞ்சி பாக்கற மாதிரி இல்லம்மா. சட்டதான் அடையாளம். ஆரஞ்சு கலரு கவுனு, வெள்ளியா பொட்டு பொட்டா. பக்கத்துல கொயா இருந்துச்சு. நான்தான் தண்ணி புடிச்சிக் கயுவி வுட்டேன். தலயெல்லாம் மண்ணு. ரெட்ட சட போட்டு, மடிச்சி, சேப்பு ரிப்பன் கட்டிகிது. எங்க ஊட்டுலயும் பொண்ணு கீது, அதுக்கும் அப்டித்தான் கட்டுவாங்க. அதப் பாத்துத்தான் எனக்கு அழுகையே வந்துச்சு."

அம்மணி அக்கா அவர் கையை விடவில்லை.

"சடையாண்ணா?"

"ஆமா."

"நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. தலையில முடி இருந்துச்சா?"

"இன்னாம்மா கேக்கற. நான் கயுவனேன்றேன்."

அளவெடுக்கும்போது டேப்பைப் பார்த்துப் பேசுகிற குரல் உண்டே, அந்தக் குரலில் அவர் புருஷனைக் கேட்டார். "ஏஞ்சலுக்கு ஏதுங்க முடி?"

எனக்குப் புரியவில்லை. ஆல்வினுக்கும் புரியவில்லை. அக்கா எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். "அவளுக்கு மஞ்சக் காமால வந்துச்சு. பொழச்சா வேளாங்கண்ணில மொட்ட போடறேன்னு வேண்டிகினேன். டிசம்பர் மொத வாரம் போயி மொட்ட போட்டுகினு வந்தோம். கிறிஸ்மஸுக்கு ஜான்சி மட்டும் ரிப்பன் கட்டிகிறான்னு ஒரே அழுக."

தூறல் கொஞ்சம் வலுத்தது. தாவீது சிரிக்கப் பார்த்தார். "அவருக்கு வயசாயிடுச்சி அம்மணி. எத்தினி பேர தூக்கனாரோ. மாத்திச் சொல்றாரு."

சக்திவேல் கரணையைக் கீழே வைத்தார். "நான் தூக்கனது மொத்தம் மூணே பேரு. அதுல பொம்பளப் புள்ள ஒண்ணுதான். நீதான் வந்து எம் பொண்ணுன்னு எங்கிட்ட வாங்கன. இன்னாத்துக்கு தாவீது என்னப் பொய்யனாக்கற?"

"வண்டில போயி பேசிக்கலாம்," என்றார் தாவீது. "எல்லாரும் பாக்கறாங்க."

"அப்பா, இங்கயே சொல்லுப்பா," என்றான் ஆல்வின்.

தாவீது பக்கத்துக் கல்லறையின் விளிம்பில் உட்கார்ந்தார். அது யாருடைய கல்லறையோ, பூ நசுங்கியது.

"ரெண்டு நாளு தேடனேன் அம்மணி. ஒவ்வொரு துணியாத் தெறந்து பாத்தேன். அங்க பெரிய பள்ளம் தோண்டிகினு இருந்தானுங்க. ஆள் தெரியாதவங்கள மொத்தமா போட. ஆஸ்பத்திரில நீ இன்னா சொன்ன? பொண்ணு மூஞ்சிய காட்டாம ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டேன்ன. டாக்டர் என்னத் திட்றாரு. அப்பதான் இவரு தூக்கினு வராரு. அந்தக் கவுன பாத்தேன். நம்புளுதுன்னு ஓடனேன்."

"ஓடிப் போயி பாத்தியே. முடிய பாக்கலியா?"

இருபது வருஷத்தில் அந்த அம்மா புருஷனை ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை.

"பாத்தேன்."

"ஜான்சின்னு தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சு."

"ரோஸி எங்க இருந்தா அப்போ?"

"செங்கல்பட்டு ஆஸ்பத்திரில தேடிகினு இருந்தா." அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "அவ வந்தா சொல்லிடலாம்னுதான் இருந்தேன். வந்தா. சொல்ல வாய் வரல. அதுக்குள்ள நீ கல்லறை கீதுன்னு நாலு வாய் கஞ்சி குடிச்சிருந்த. ரெண்டு பேர்ல ஒருத்தியாவது பொழைக்கட்டும்னு பாத்தேன். நீ என் பொண்டாட்டி."

இந்த இடத்தில் எனக்கு அந்த ஆள் மேல் பரிதாபம் வந்தது. வந்ததை மறைக்கவில்லை. ஆனால் அம்மணி அக்கா அடுத்துக் கேட்ட கேள்வியில் அது போய்விட்டது.

"சரி. இவள ஏஞ்சல்னு பொதச்சிட்ட. அப்புறம் ஏஞ்சல தேடனது யாரு?"

அவர் துண்டை எடுக்கவில்லை.

"உன்னத்தான் கேக்கறேன். ஏஞ்சல் கெடச்சிட்டான்னு போலீஸ்ல பேரு குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன். பொதைக்கணும்னா குடுக்கணும்."

"அப்ப அதுக்கப்புறம் யாரும் தேடல. நீயும் தேடல. மொட்டத் தலையோட ஒரு புள்ள கெடச்சிருந்தாலும், இது யாரு பெத்ததோன்னு பள்ளத்துல போட்டிருப்பாங்க. உசுரோட எங்கனா மரத்துல மாட்டிகினு இருந்திருந்தாலும், கெடச்ச புள்ளையப் போயி யாரு தேடுவா? ரோஸி பொண்ணயாவது ரோஸி தேடனா. எம் பொண்ண பெத்த அப்பனே தேடல."

பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். ஆல்வின் தன் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். சக்திவேல் அண்ணன் கலவையில் தண்ணீர் ஊற்றப் போனார். அம்மணி அக்கா தடுத்தார்.

"கல்ல வைக்காதீங்கண்ணா."

அப்போது கேட்டில் ரோஸி தெரிந்தாள். ஒரு கையில் சாமந்திச் சரம், ஒரு கையில் மெழுகுவர்த்திப் பாக்கெட். முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு மழையில் வேகமாக வந்துகொண்டிருந்தாள். தாவீது சட்டென்று எழுந்தார்.

"அம்மணி, உன் கால்ல வுழறேன். அவளுக்குத் தெரிய வேணாம். அவ அந்த நெனப்புலதான் உசுரோட கீறா. வருவான்னு நெனச்சிகினே இருக்கட்டும். அவகிட்ட இருக்கறதையும் புடுங்காத."

அந்த நேரத்திலும் அவர் தங்கச்சிக்கு நல்லது செய்கிறாராம். சிலர் இப்படித்தான். எதிராளிக்கு எது தாங்கும், எது தாங்காது என்று அவர்களே முடிவு செய்துவிடுவார்கள்.

ரோஸி வந்து, வழக்கம்போலப் பூவை அண்ணியிடம் நீட்டினாள். அந்தக் கல்லறைக்கு முதல் பூ எப்போதும் அம்மணி அக்காதான் வைப்பார். அவர் வாங்கவில்லை.

"நீ வையி ரோஸி."

"நான் எதுக்கு அண்ணி? உம் பொண்ணுக்கு நீ வையி."

"எம் பொண்ணு இல்ல இது. உம் பொண்ணு. சடையும் சேப்பு ரிப்பனுமா இந்த அண்ணன்தான் தூக்கியாந்தாரு. ஏஞ்சலுக்கு முடி இல்ல, உனக்கே தெரியும். உங்க அண்ணனுக்கும் அன்னிக்கே தெரியும்."

ரோஸி முதலில் சக்திவேலைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். பிறகு அண்ணனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நெஜமாண்ணே?"

"ரோஸி..."

"காத்தால அந்தச் சுடிதார நீதான எங்கையில குடுத்த."

எனக்கு அவள் அண்ணனை அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. மண்ணில் உட்கார்ந்தாள். கல் பதிக்கத் தோண்டிய இடத்தில் ஈர மண் கிளறிக் கிடந்தது. அதை உள்ளங்கையால் தட்டிச் சமப்படுத்தினாள், குழந்தைக்கு முதுகைத் தட்டுவது மாதிரி.

"அண்ணி, இத்தினி வருஷமும் எம் பொண்ணுக்கு நீ வெளக்கேத்தினு இருந்திருக்க," என்றாள். "நான் பக்கத்துல நின்னுகினு பொறாமப்பட்டுகினு இருந்தேன். அண்ணிக்காவது அழ ஒரு எடம் கீதேன்னு."

அம்மணி அக்கா அவள் தலைமேல் கை வைத்தார். இரண்டு பேரும் அப்போதுதான் அழுதார்கள். ஆல்வின் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, நனைந்த தீப்பெட்டியைக் கிழித்துக் கிழித்துப் பார்த்தான். சக்திவேல் தன் லைட்டரைக் கொடுத்தார். தாவீது தள்ளி நின்றார். யாரும் அவரைப் போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

மெழுகுவர்த்தி பற்றியதும் அம்மணி அக்கா எழுந்தார். பழைய இடுப்பு அடி, மழைக்காலத்தில் அவருக்கு ஒரு கால் சாய்ந்துதான் நடை. கேட்டைத் தாண்டி, வேன் நின்ற பக்கம் போகாமல், கடல் பக்கம் திரும்பினார். எனக்குப் பயமாகிவிட்டது. பின்னாலேயே ஓடினேன்.

"அக்கா, எங்க போற? மழையில நனையாதக்கா. வண்டியாண்ட வா."

"நீ போ பாலு. எனக்கு வேலை கீது."

கடலுக்குப் போகவில்லை. மீன் கொட்டகைக்குப் போனார். மழைக்கு ஒதுங்கிய கூட்டமும், மீன் பேரம் பேசுகிற கூட்டமும் சேர்ந்து ஒரே இரைச்சல். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனவர், ஓரத்தில் ஐஸ் பெட்டி வைத்து இறால் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் முன்னால் நின்றார். சின்னப் பெண். இருபது வயசு இருந்தால் அதிகம். அலை வந்தபோது பிறந்தே இருக்க மாட்டாள்.

"இன்னா வோணும்க்கா? எறா நல்லா கீது. உரிச்சித் தரட்டா?"

"எம் பொண்ணக் காணோம்மா," என்றார் அம்மணி அக்கா. "ஏழு வயசு. தலை மொட்ட. ஆரஞ்சு கலர் கவுனு போட்டிருப்பா, வெள்ளிப் பொட்டு வச்சது. இந்தப் பக்கம் யார்னா பாத்தாங்களா?"

அந்தப் பெண் தராசை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். நல்ல பிள்ளை. பக்கத்துக் கடைக்காரியிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.

"ஐயோ, எப்பலேர்ந்துக்கா காணோம்? காத்தாலேர்ந்தா? போலீஸ்ல சொன்னீங்களா?"

"இல்லம்மா," என்றார் அம்மணி அக்கா. "இன்னும் யாருமே சொல்லல."